வாயால் கொடி காட்டியவர்

மார்கழி வெயிலில் காய்ந்த தண்டவாளத்தின் மேல் கரும்புச்சாறு வழிந்தால் ஒரு வாசனை எழும். பாதி வெல்லப் பாகு, பாதி துருவும் எண்ணெயும். சுவாசித்தால் தொண்டைவரை இனிக்கும், உடனே ஒரு செருமலும் வரும். அந்த வாசனையை நான் ஒரே ஒரு நாள்தான் முகர்ந்திருக்கிறேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. அன்றைக்கு என் அப்பா ஒரு ரயிலை நிறுத்தினார், நிறுத்திய விதத்துக்காக விசாரணைக்கும் போனார்.

அப்பா கோவிந்தன் ரயில்வேயில் கேட்மேன். சின்னசேலத்துப் பக்கம், கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே, மீட்டர் கேஜ் பாதை ஒரு தார்ச்சாலையைக் குறுக்கே வெட்டிப் போகும் இடத்தில் எங்கள் கேட்டு இருந்தது. ஓர் அறை, ஒரு தொலைபேசி, கேட்டை ஏற்றி இறக்கும் கைப்பிடிச் சக்கரம், பின்னால் நாங்கள் குடியிருந்த ரயில்வே வீடு, அவ்வளவுதான். வாசலில் நின்று வடக்கே பார்த்தால் கல்வராயன் மலை நீலமாக நீண்டு கிடக்கும். அப்பாவுக்கு மலையைப் பார்க்க நேரம் இருந்ததில்லை. வண்டி வருவதற்கு வெகு முன்பே கேட்டை இறக்கிவிட்டு, காத்திருக்கிறவர்களின் வசவை ஒரு சொல் விடாமல் வாங்கிக்கொண்டு, பச்சைக் கொடியுடன் விறைப்பாக நிற்பது அவர் வழக்கம். ஒரு முறை தியாகதுருகத்துக்குப் போகிற மாப்பிள்ளை வேன் மாட்டிக்கொண்டு, முகூர்த்தம் தவறிவிடும் என்று பெண்டுகள் கெஞ்சினார்கள். அப்பா கேட்டைத் திறக்கவில்லை. மாப்பிள்ளையை மட்டும் மாலையோடு இறக்கி, அந்தப் பக்கம் நின்ற ஒருவரின் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து அனுப்பினார்கள். அந்த மாப்பிள்ளை பிறகு பல வருடம் எங்கள் கேட்டைக் கடக்கும்போதெல்லாம் அப்பாவை முறைத்துவிட்டுத்தான் போவார்.

விதிப்புத்தகம் அப்பாவுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் அதில் ஒரு பக்கம் வந்தால் மட்டும் அவர் குரல் இறங்கிவிடும். பாதையில் ஏதாவது விழுந்து மறித்துவிட்டால், வருகிற வண்டியை எச்சரிக்கத் தண்டவாளத்தின் மேல் வெடி வைக்க வேண்டும் என்பது அந்தப் பக்கம். அந்த வெடியை ரயில்வேக்காரர்கள் 'பட்டாசு' என்பார்கள். பார்க்க செருப்புக்குப் போடும் பாலிஷ் டப்பா போலத் தட்டையாக, தண்டவாளத்தோடு சேர்த்து மடக்கிவிட இரண்டு ஈயப் பட்டைகளோடு இருக்கும். சக்கரம் ஏறினால் வெடிக்கும், ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிடுவார். எங்கள் கேட்டு அறையில் ஒரு தகர டப்பாவுக்குள் அவை அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அப்பா அந்தத் தகர டப்பாவைத் தினமும் துடைப்பார், திறக்கமாட்டார்.

காரணம் எளிது. அப்பாவுக்கு வெடிச் சத்தம் ஆகாது. சாரைப் பாம்பை வாலைப் பிடித்துத் தூக்கிக் கொல்லையில் விட்டுவருகிற மனிதர், தீபாவளியன்று கதவைச் சாத்திக்கொண்டு காதில் பஞ்சோடு உட்கார்ந்திருப்பார். வருடத்துக்கு ஒரு முறை பழைய பட்டாசு ஒன்றை வண்டிச் சக்கரத்துக்கு அடியில் வைத்து வெடித்துப் பார்க்கிற சோதனை நடக்கும். அந்த நாளில் அப்பாவுக்கு வயிற்றுவலி வந்துவிடும் என்பதை ஸ்டேஷனில் எல்லோரும் அறிவார்கள். பாதை பராமரிக்கும் கேங்கின் மேஸ்திரி காதர் பாய், அப்பாவின் நெருங்கிய சிநேகிதர், அவருக்குப் பதிலாக அந்த வேலையைச் செய்துவிட்டு, "இன்னா கோயிந்தா, வவுறு எறங்கிச்சா" என்று கேட்டபடி வந்து டீ குடிப்பார்.

அந்த நாள் அரைநாள் பள்ளி. நான் வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டோடு வாசலில் உட்கார்ந்திருந்தேன். ஸ்டேஷனிலிருந்து தொலைபேசி வந்தது, பாசஞ்சர் புறப்படப் போகிறது, கேட்டை மூடு என்று. அப்பா சக்கரத்தைச் சுற்றத் தொடங்கவும், ஆலைக்குக் கரும்பு ஏற்றிய ஒரு டிராக்டர் இறங்குகிற கேட்டுக்கு அடியில் குனிந்தது போல நுழையவும் சரியாக இருந்தது. ஓட்டியவர் ஏழுமலை, பக்கத்து ஊர்க்காரர். டிராக்டர் கடந்துவிட்டது. பின்னால் இழுத்துவந்த டிரெய்லரின் அச்சு தண்டவாளத்தின் மேல் ஏறும்போது மளுக்கென்று முறிந்தது. இரண்டு ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்த கரும்பு ஒரு பெருமூச்சு விட்டது போலச் சரிந்து பாதை முழுக்கக் கிடந்தது.

அம்மா உள்ளே ஓடித் தொலைபேசியின் கைப்பிடியைச் சுழற்றினாள். அவள் ரயில்வே ஊழியர் இல்லை, ஆனாலும் அந்தத் தொலைபேசியில் அவள் குரலை எல்லா ஸ்டேஷன் மாஸ்டர்களுக்கும் தெரியும். வண்டியை விடவேண்டாம் என்று அவள் சொல்வதற்குள், விட்டாயிற்று என்று அந்தப் பக்கம் பதில் வந்தது. அம்மா ரிசீவரை வைக்காமலே வெளியே எட்டிப் பார்த்து, "வண்டி கெளம்பிடுச்சாங்க" என்று மட்டும் சொன்னாள்.

அப்பா ஏழுமலையைத் திட்டவில்லை. ஒரு சிவப்புக் கொடியைப் பாதையின் நடுவே ஊன்றினார், இன்னொன்றைக் கையில் எடுத்தார், தகர டப்பாவை அக்குளில் இடுக்கிக்கொண்டு வண்டி வரும் திசையில் ஓட ஆரம்பித்தார். நான் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பின்னால் ஓடினேன். அம்மா கூப்பிட்டது கேட்டது, நான் நிற்கவில்லை. அப்பா தந்திக் கம்பங்களை வாய்விட்டு எண்ணிக்கொண்டே ஓடினார். விதி சொன்ன தூரம் வந்ததும் மண்டியிட்டு, டப்பாவைத் திறந்து, ஒன்று, பத்து மீட்டர் தள்ளி இன்னொன்று, அதற்கும் தள்ளி இன்னொன்று என மூன்று பட்டாசுகளையும் வைத்து ஈயப் பட்டைகளை மடக்கினார். பட்டை ஒன்றுகூடக் கோணலாக இல்லை. பிறகு விதி சொன்னபடி திரும்பி நடந்துவந்து, பாதையோரம் கொடியோடு நின்றார்.

வளைவில் இன்ஜின் முகம் தெரிந்தது. பட்டாசை நோக்கி அது வந்துகொண்டிருந்தபோது அப்பா என்ன செய்தார் என்பதைக் கருவேல மரத்தடியில் நின்று நான் பார்த்தேன். கொடிக் கம்பைக் குறுக்காகப் பற்களில் கவ்வினார். இரண்டு கைகளாலும் காதைப் பொத்தினார். கண்களை இறுக மூடினார். சிவப்புத் துணி அவர் மோவாய்க்குக் கீழே காற்றில் படபடத்தது. நிற்கிற இடத்தைவிட்டு ஓரடி நகரவில்லை.

மூன்று வெடியும் வெடித்தன. கரும்புக் கொல்லையிலிருந்து கொக்குகள் எல்லாம் எழுந்து பறந்தன. பிரேக் கிறீச்சிட்டுத் தேய்ந்து, அப்பாவைத் தாண்டி இருபது அடியில் இன்ஜின் நின்றது. ஓட்டுநர் அந்தோணிசாமி, விழுப்புரத்துக்காரர், இறங்கிவந்து அப்பாவின் தோளைத் தொட்டார்.

"யோவ், வண்டி நின்னுடுச்சு. காத வுடுய்யா."

அப்பா கண்ணைத் திறந்தார். பதில் சொல்ல முடியவில்லை, வாயில் கொடி இருந்தது.

அதன்பின் நடந்தது திருவிழா. வண்டியில் இருந்தவர்கள் எல்லோரும் இறங்கி வந்து கரும்பை அப்புறப்படுத்தக் கைகொடுத்தார்கள், கைகொடுத்த ஒவ்வொருவரும் ஆளுக்கொரு கழியைக் கடித்துக்கொண்டே வேலை பார்த்தார்கள். காதர் பாயின் ஆட்கள் கடப்பாரையோடு வந்து டிரெய்லரைத் தள்ளினார்கள். ஏழுமலை தலையில் கைவைத்துக்கொண்டு, "தின்னுங்க, தின்னுங்க, வயி உட்டா போதும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வண்டியின் கார்டு, ஓய்வுபெறும் வயதில் இருந்த கண்டிப்பான மனிதர், முதலில் எல்லோரையும் அதட்டினார். பிறகு அம்மா தோலைச் சீவி, துண்டு துண்டாக நறுக்கித் தட்டில் வைத்துக் கொடுத்ததைக் கட்டுப்பல்லைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஈறால் சப்பினார். தண்டவாளத்தில் சாறு வழிந்தது. அந்த வாசனையோடு வண்டி போய்விட்டது. எல்லாம் முடிந்தது என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

கார்டு கரும்பைத் தின்றாலும் கடமையை மறக்கவில்லை. வெடி கேட்டுக் கடைசிப் பெட்டியிலிருந்து எட்டிப் பார்த்திருந்தவர், தாமதத்துக்கு அறிக்கை எழுதும்போது, 'கேட்மேன் வாயால் கொடி காட்டினார்' என்று ஒரு வரி சேர்த்துவிட்டார்.

அந்த ஒரு வரி மேலே போனது. கொடியை முறையாகக் காட்டாதது பாதுகாப்புக் குற்றம் ஆகும், விசாரணை உண்டு என்று தாள் வந்தது. நிரூபணமானால் வேலை போகலாம், வேலை போனால் வீடும் போகும் என்று அம்மாவும் காதர் பாயும் பேசிக்கொண்டார்கள். என் கவலை வேறாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் பையன்கள் ஸ்கேலைப் பற்களில் கவ்வி, காதைப் பொத்தி, கண்ணை மூடி என் முன்னால் வரிசையாக நின்றார்கள். நான் அழுதேன். அப்பா ஏன் மற்ற அப்பாக்களைப் போல ஒரு கையில் கொடியைப் பிடித்திருக்கக் கூடாது என்று அவர்மேல் கோபமாக இருந்தேன், அவரிடம் பேசாமலும் இருந்தேன்.

விசாரணைக்கு முந்தின நாள் காதர் பாய் வந்தார். ஓட்டுநரிடம் பேசிவிட்டதாகச் சொன்னார். வலது கையில் கொடி இருந்தது என்று ஓட்டுநர் எழுதிக்கொடுக்கச் சம்மதித்துவிட்டாராம். அப்பாவும் அதையே சொன்னால் போதும், கார்டு கிழவர் கண்ணாடி போடாமல் பார்த்தார் என்று விட்டுவிடுவார்கள். அப்பா அம்மாவைப் பார்த்தார்.

"நெஜத்தயே சொல்லிட்டு வாங்க" என்றாள் அம்மா. "பொய் சொன்னா, அப்புறம் கேக்கும்போதெல்லாம் எந்தக் கையின்னு நெனப்பு வெச்சிக்கினு இருக்கணும்."

விசாரணை ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் நடந்தது. என் பள்ளி ஸ்டேஷனை ஒட்டி இருந்ததால், மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் நான் ஓடிவந்து ஜன்னலுக்கு வெளியே, பார்சல் மூட்டைகள் மேல் ஏறி நின்றேன். விசாரிக்க வந்த அதிகாரி மெல்லிய மனிதர், சிரிக்காத முகம். கொடி எங்கே இருந்தது என்று கேட்டார்.

"வாயில சார்" என்றார் அப்பா.

"கை?"

"காதுல சார்."

ஸ்டேஷன் மாஸ்டர் எதையோ எடுத்துவருவதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். உள்ளே அதிகாரி, எப்படி நின்றீர்கள் என்று காட்டச் சொன்னார். அப்பா மேஜையிலிருந்த கொடியை எடுத்துக் கவ்வி, காதைப் பொத்தி, கண்ணை மூடி, விறைப்பாக நின்றார். பள்ளிப் பையன்கள் செய்தபோது கேலியாக இருந்த அதே நிலை, அந்த அறைக்குள் வேறு மாதிரி இருந்தது. அதிகாரி கொடியை எடுக்கச் சொல்லிவிட்டுக் கேட்டார்:

"இவ்வளவு பயம் இருக்கே. பட்டாச வெச்சதும் தூர ஓடிப் போயிருக்கலாமே, ஏன் அங்கயே நின்னீங்க?"

"ஓடிட்டா வண்டிக்கு யாரு சார் கொடி காட்டுறது?"

அதிகாரி பேனாவை மூடி வைத்தார், மறுபடி திறந்தார், ஏதோ எழுதினார். அப்பா வெளியே வந்தபோது மூட்டைமேல் நின்ற என்னைப் பார்த்து, சாப்பிட்டாயா என்று கேட்டார். பல நாளுக்குப் பிறகு நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து, ஒரே நாளில், ஒரே ஆள் கையில் இரண்டு உறைகள் வந்தன. ஒன்றில், விபத்தைத் தவிர்த்த துணிவுக்காக அப்பாவுக்குப் பாராட்டுப் பத்திரம். மற்றொன்றில், இனிமேல் கொடியைக் கையால் மட்டுமே காட்ட வேண்டும் என்ற எச்சரிக்கை. இரண்டிலும் ஒரே அதிகாரியின் கையெழுத்து. அப்பா இரண்டையும் பெற்றுக்கொண்டதற்கு ஒரே கம்பீரத்தோடு கையொப்பம் இட்டார். காதர் பாய் எச்சரிக்கையை வாங்கி மூன்று முறை படித்துவிட்டு, "காதப் பொத்தக் கூடாதுன்னு எங்கயும் எழுதலியே கோயிந்தா" என்றார். மறுநாள் பள்ளியில் பையன்கள் ஸ்கேலைக் கவ்வியபோது நான் அழவில்லை. கம்பை உதட்டில் பிடிக்கக் கூடாது, பற்களில் பிடிக்க வேண்டும், முதுகு நேராக இருக்க வேண்டும் என்று ஒவ்வொருவனையும் திருத்தினேன். நான்கு நாளில் அந்த விளையாட்டே நின்றுபோனது.

அப்பாவின் பயம் கடைசிவரை போகவில்லை. ஓய்வு பெறும் வரை சோதனை நாள்களில் அவருக்கு வயிற்றுவலி வந்துகொண்டுதான் இருந்தது.

இன்று நான் அதே பாதையில் ரயில் ஓட்டுகிறேன். பாதை அகலமாகிவிட்டது, மேலே மின்கம்பி ஓடுகிறது. எங்கள் கேட்டும், அறையும், வீடும் இல்லை. தார்ச்சாலை தண்டவாளத்துக்கு அடியில் சுரங்கப்பாதையாக இறங்கி ஏறிவிட்டது. மழை பெய்தால் அதில் தண்ணீர் நிற்கிறது. கேட்டு வருகிறது, ஊது என்று ஓட்டுநருக்குச் சொல்கிற விசில் பலகையையும் பிடுங்கிவிட்டார்கள். சென்ற மாதம் சேலத்துக்குப் போக அப்பா என் வண்டியில் ஏறினார். நான் ஓட்டுகிற வண்டியில் அவர் ஏறுவது அதுவே முதல் முறை. சேலத்தில் இறங்கிப் பெட்டியைக் கையில் பிடித்தபடி இன்ஜின்வரை நடந்துவந்து, அண்ணாந்து என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, நம்ம கேட்டாண்ட இன்னாத்துக்கு ஊதல?"

"அங்க கேட்டே இல்லியேப்பா" என்றேன்.

அவர் பெட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "அப்ப சரி. இல்லாத கேட்டுக்கு ஊதக் கூடாது" என்று சொல்லிவிட்டு, திருப்தியாகத் தலையாட்டி, கூட்டத்தோடு படியேறிப் போனார்.