குழிக்குள் இறங்கிய வெயில்

எங்கள் அத்தை வெளிச்சத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர். இயற்பியலில் பெரிய படிப்பெல்லாம் படித்து, வடக்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் வருடக்கணக்கில் இருந்தார். திடீரென்று அதை விட்டுவிட்டு அரசாங்கத்தின் பேரிடர் மீட்புப் பிரிவுக்குப் போய்விட்டார். ஏன் என்று வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை. பிற்பாடு எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட எனக்கு, அந்தச் சின்ன வயதில் எங்கே விளங்கும்?

புதுச்சத்திரத்தில் ஒரு காதுகுத்துக்காக அலுவலக ஜீப்பில் எங்கள் வீட்டுக்கு வந்தவர், காலையில் எங்கள் மரவள்ளிக் காட்டைச் சுற்றிவிட்டு வேர்த்து விறுவிறுத்துத் திரும்பினார். அந்த வாரம் போட்ட போர்வெல்லில் தண்ணீருக்குப் பதில் கல்தூள் புகைதான் வந்திருந்தது. எங்கள் பக்கத்து வழக்கப்படி, உள்ளே இறக்கிய குழாயை அப்பா உருவி அடுத்த தோட்டத்துக்குக் கொடுத்துவிட்டார். குழியின் மேல் ஒரு சாக்கு, சாக்கின் மேல் ஒரு கல். அவ்வளவுதான்.

"இன்னைக்கே மண்ணப் போட்டு மூடோணும்" என்றார் அத்தை.

அப்பா சிரித்தார். "ஏனுங்கக்கா, அத்தன படிச்சுப்போட்டு, ஊரூராப் போயிக் குழி மூடச் சொல்றதுதான் வேலைங்களா? காதுகுத்து முடியட்டுங்க, மூடிக்கலாம்."

காதுகுத்து முடிந்து வீட்டுக்கு வந்த கொஞ்ச நேரத்தில் தம்பியைக் காணவில்லை. மூன்று வயதுப் பிள்ளை. எல்லோரும் காட்டுக்கு ஓடினோம். கல் நகர்ந்து கிடந்தது. சாக்கு இல்லை. குழியோரத்தில் அவனுடைய ஒற்றைச் செருப்பு.

"நங்கையா, எம்பட பையன்!" என்று அம்மா நாத்தனாரான அத்தையின் காலைக் கட்டிக்கொண்டாள். அப்பா கயிற்றில், கிணற்று வாளி எடுக்கும் பாதாளக்கரண்டியைக் கட்டப் போனார். அத்தை தடுத்தார்.

"எறக்காத! மண்ணு சரிஞ்சுரும். எல்லாரும் தள்ளி நில்லுங்க, ஆரும் பேசப்படாது. சாமி, ஓடிப்போயி ஒரு கண்ணாடி எடுத்துட்டு வா."

அம்மா முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுத்தேன். அத்தை குப்புறப் படுத்து, வெயிலைச் சாய்த்துக் குழிக்குள் ஊற்றினார். சுவரில் கறுப்பாக, உருண்டையாக ஏதோ அசைந்தது.

"அதா! தல தெரியுது!" என்று அப்பா கத்த, அம்மா அப்படியே சரிந்தாள்.

அத்தை கண்ணாடியைத் திருப்பினார். அம்மா ஒட்டி வைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டு; அதன் நிழல்தான் உள்ளே அசைந்தது. அதை நகத்தால் சுரண்டி எறிந்துவிட்டு மறுபடியும் பார்த்தார். வெயில் ஆடாமல் குழிக்குள் நின்றது. மூச்சு விடாமல் நாங்கள் நின்ற அந்த நேரத்தை நினைத்தால், இன்றைக்கும் எழுந்துபோய் என் பிள்ளைகள் எங்கே என்று ஒருமுறை பார்த்துவிட்டு வருவேன்.

"சாக்கு தெரியுது" என்றார். "மேல ஒண்ணுமில்ல."

"அடியில இருந்தா?" என்று அப்பா கேட்டார். அத்தை கண்ணாடியை இன்னும் கொஞ்சம் சாய்த்தார்.

அப்போதுதான் அத்தையின் டிரைவர் வரப்பில் ஓடிவந்தார், தோளில் தம்பியோடு. "அம்மா! பையன் நம்ம ஜீப்புல, பின்சீட்டுக்கு அடியில தூங்கிட்டு இருந்தானுங்க!"

"சாக்கு உள்ள போயிருச்சு" என்று கண்ணைக் கசக்கியபடி தம்பி பெருமையாகச் சொன்னான். அம்மா அவனை ஓர் அடி அடித்து, பிறகு கட்டிக்கொண்டு அழுதாள்.

அத்தை எழுந்திருக்கவில்லை. அவர் கையிலிருந்த கண்ணாடியிலிருந்து தெறித்த வெயில் மரவள்ளி இலைகளில் தாறுமாறாக ஓடியது. இவ்வளவு பாடுபட்டும் குழிக்குள் ஒன்றும் கிடைக்கவில்லையே என்ற வருத்தம் போலிருக்கிறது என்று நினைத்து, பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"உடுங்கத்தை, அடுத்த தடவ கெடைக்கும்" என்றேன்.

அத்தை என்னையே பார்த்தார். கண்ணாடியை மண்ணில் கவிழ்த்து வைத்தார்.

ஆய்வுக்கூடத்தில் இருந்த காலத்தில், எங்கோ ஓர் ஊரில் இப்படி ஒரு பிள்ளை விழுந்த குழிக்குள் வெளிச்சம் இறக்க அவரை அழைத்துப் போயிருந்தார்கள் என்பதோ, அன்றைக்குக் கிடைத்தது என்பதோ அப்போது எனக்குத் தெரியாது.