எலிகள் மேல் போட்ட பழி

மூக்கின் இடப்பக்கம் அடைத்தபோது எலிகளைத்தான் திட்டினேன். திருப்பதியில் ஓர் ஆய்வகத்தின் எலிக்கூடத்தில் எனக்கு வேலை. நோய் எதிர்ப்பு சக்தி இல்லாமல் பிறக்கும் வெள்ளைச் சுண்டெலிகளை வளர்ப்பேன். அறுத்த பிறகு மண்ணீரலையும் கல்லீரலையும் சோதனைக்குப் பதப்படுத்தித் தருவேன். மூத்திர நெடி எங்கள் எல்லோருக்கும் பழக்கம்.

பிறகு அழுகல் வாடை வந்தது. அதையும் எலிகள் தலையில் கட்டினேன். இரண்டு முறை குளித்தேன், முகக்கவசத்தை மாற்றினேன்.

“இன்னா மாமா, செத்த எலிய பாக்கெட்ல போட்டுக்கினு வந்துட்டியா?” என்று என் மனைவி கோமதி சிரித்தாள். நானும் சிரித்தேன். வேறு தொழில் செய்பவனாக இருந்தால் அன்றே டாக்டரிடம் ஓடியிருப்பான்.

மூக்கிலிருந்து கறுப்பாகப் பொருக்கு விழுந்த பிறகுதான் போனேன். பயாப்சி (தசைத் துணுக்கை வெட்டியெடுத்துச் செய்யும் சோதனை) முடிந்தது.

“எலி லேப்ல இருக்கீங்க, என்.கே. செல் தெரியும்தானே? அதுதான் புத்துநோயா மாறிடுச்சு,” என்றார் டாக்டர்.

தெரியாமல் என்ன! மற்ற எதிர்ப்பு செல்கள் இல்லாத அந்த எலிகளின் திசுக்களிலும் என்.கே. செல்கள் (புற்றணுக்களைக் கொல்லும் வெள்ளணுக்கள்) மிஞ்சியிருக்கும். எலிக்குள் வைத்த மனிதப் புற்றணுக்களை அவை அழித்துவிட்டால் எனக்கு உள்ளூரச் சந்தோஷம். அதே வகைச் செல்கள்தான் இப்போது என் மூக்கை அரித்துக்கொண்டிருந்தன.

கதிர்வீச்சும் கீமோவும் நடந்த மாதங்களில் என்னை என்னாலேயே சகிக்க முடியவில்லை. உப்புநீர் விட்டுக் கழுவினால் சீழும் சதையுமாக வரும். புத்தூரிலிருந்து பார்க்க வந்த சொந்தங்கள் வாசலிலேயே ஆப்பிளை வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றார்கள். அவர்கள் இடத்தில் நானும் ஓடியிருப்பேன்.

கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற கோமதியை, “தூரப் போ” என்று கத்தினேன்.

“நானும் பூட்டா யாரு கழுவறது? குனி,” என்றாள்.

இப்போது ஸ்கேனில் கட்டி இல்லை. ஆனால் கதிர்வீச்சில் மோப்ப சக்தி போய்விட்டது. நோய் திரும்பினால் அந்த வாடை எனக்குத் தெரியாது. உங்களுக்கு ஒருபக்க அடைப்பு விடாமல் இருந்தால், எதன் மேலும் பழி போடாமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

காலையில் கண் விழித்ததும் அசையாமல் படுத்திருப்பேன். இந்த உடம்பைத் தொடவே எனக்கு அருவருப்பு. கோமதி குனிந்து, என் மூக்கருகே மூக்கை வைத்து ஆழமாக முகர்ந்து பார்ப்பாள்.

“நாத்தம் வருதா?”

“ஒண்ணும் இல்ல. எழுந்து பல்லு வெளக்கு.”

அந்த ஒரு நாளுக்கு எழுந்திருப்பேன்.