முதலாளி காரில் ஒரு கீறல்

போன ஞாயிற்றுக்கிழமை என் கார் கதவில் யாரோ முழ நீளத்துக்குக் கோடு போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். செகண்ட் ஹேண்ட் கார்தான், இருந்தாலும் வயிறு எரிந்தது. நானே சரிபண்ணுகிறேன் என்று உப்புத்தாளும் சின்ன பாட்டில் பெயிண்ட்டும் வாங்கிவந்தேன். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைக்காமல் தேய்த்ததில் கோட்டைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குப் பளபளப்பு போய் மங்கியது. அதன்மேல் வைத்த பெயிண்ட் குழந்தைக்கு அப்பிய கண்மை மாதிரி திரண்டு நின்றது. துடைப்பதற்குப் பனியன் வேஸ்ட் துணியைத் தின்னரில் நனைத்தேன் பாருங்கள், அந்த நெடியில் கை அப்படியே நின்றுவிட்டது.

பல வருஷம் முன்பு நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் நான் வேலைபார்த்த பனியன் கம்பெனியில் கறை எடுக்கிற மருந்துக்கும் இதே நெடிதான். தைத்து வந்த பீஸில் குறை பார்க்கிற செக்கிங் டேபிளில் என் பக்கத்தில் ஜெசிந்தா நிற்பாள். தூத்துக்குடிப் பக்கம், குடும்பத்தோடு பிழைக்க வந்தவள். “எதுக்கெடுத்தாலும் ‘ங்க’ போடுதியே, நாய்க்குட்டியையும் வாங்கன்னுதான் கூப்பிடுவியாட்டி?” என்று என்னைச் சிரிக்கவைத்தே பீஸைத் தள்ளுவாள்.

முதலாளி புதிதாக வெள்ளைக் கார் வாங்கியிருந்த சமயம். ஒருநாள் மத்தியானம் மேனேஜர் எங்கள் டேபிளுக்கு வந்து கத்தினார்.

“மொதலாளி காருல கோடு விழுந்திருக்குது. பக்கத்துல சைக்கிள் நிறுத்துனது யாரு?”

“என் சைக்கிள்தான் சார். ஆனா கார் மேல படவே இல்ல,” என்றாள் ஜெசிந்தா.

“தெக்கத்தி ஆளுகள வேலைக்கு வெச்சா இப்படித்தான்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “ஏனுங்க, நீங்க பாத்தீங்களா? பாக்காம எப்படிங்க சொல்றீங்க?” அந்த ஆளுக்குப் போய் அத்தனை ‘ங்க’ போட்டேனே என்று இன்றைக்கும் எரிச்சல்.

“அப்ப நீயும் போய்த் தேயி. மொதலாளி வரதுக்குள்ள கோடு போயிருக்கோணும்.”

கொளுத்துகிற வெயிலில் இரண்டு பேரும் நின்றோம். கார்க் கதவைத் திறக்கக்கூடத் தெரியாதவர்கள் நாங்கள். பற்பசை போட்டால் போய்விடும் என்று யாரோ சொல்ல, அப்பித் தேய்த்தோம். வெள்ளையோடு வெள்ளையாகக் கோடு மறைந்தது. கைதட்டாத குறை. தண்ணீர் ஊற்றினோம். கோடு பல்லைக் காட்டியது.

அப்போதுதான் முதலாளி மகன் வெளியே வந்தார். “அட, அது காலைல நான் கேட்ல ஒரசுனதுங்க. அப்பாகிட்டச் சொல்லிட்டேனே!”

“அப்படீங்களா தம்பி,” என்று மேனேஜர் குழைந்தார். எங்களைப் பார்த்து, “செரி செரி, உள்ள போங்க, பீஸ் நிக்குது.”

ஜெசிந்தா நகரவில்லை. “தப்பா சொல்லிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சார், போறேன்.”

“என்ன, பேச்சு நீளுது?”

ஈரத்துணியை பானெட் மேல் வைத்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவள்தான். மறுநாள் வரவில்லை. கொஞ்ச நாளில் குடும்பமே ஊருக்குத் திரும்பிவிட்டதாகச் சொன்னார்கள். அந்த மாசத்தோடு நானும் நின்றுவிட்டேன்.

அந்தக் கம்பெனி இப்போது இல்லை. ஷெட்டைக்கூடப் பிரித்துவிட்டார்கள். போன வருஷம் குன்னத்தூரில் ஒரு கல்யாணத்தில் மேனேஜரைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. “நல்லாருக்கியா கண்ணு?” என்று வாய்நிறையக் கேட்டார்.

“ஜெசிந்தாவ ஞாபகம் இருக்குதுங்களா?”

நெற்றியைச் சுருக்கி யோசித்தார். நடிப்பில்லை, நிஜமாகவே யோசித்தார்.

“அது யாரு கண்ணு?” என்று கேட்டுவிட்டு, பந்திக்கு நேரமாகிறது என்று எழுந்துபோனார்.