எழுதாத அத்தியாயத்துக்கு ஒரு பக்க எண்

மரக்காணம் உப்பளங்களில் உப்புநீரின் அடர்த்தி பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தேன். ஏழு வருஷமாகச் செய்துகொண்டே இருந்தேன். நான்கு அத்தியாயங்கள் வேர்டில் தயார். ஐந்தாவது, முடிவுரை. அதை எழுதாமலிருக்கக் கௌரவமான காரணம் ஒன்று தேவைப்பட்டது. ஒரு படத்தை அரை அங்குலம் நகர்த்தினேன். இருபது பக்கம் தள்ளி ஓர் அட்டவணை இரண்டாகப் பிளந்தது. காரணம் கிடைத்துவிட்டது.

லேட்டெக்குக்கு மாறினேன். எழுத்தோடு கட்டளைகளையும் அடித்துக் கொடுத்தால் பக்க எண், பொருளடக்கம் எல்லாம் அதுவே கோத்துத் தரும். நீங்கள் எழுதினால் போதும் என்றார்கள். அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் செய்தேன். பக்கத்தின் ஓரத்தில் எவ்வளவு இடம் விடுவது என்பதற்கு ஒரு வாரம். தமிழ் எழுத்துருவுக்குப் பதினைந்து நாள். ஓர் அடைப்புக்குறியை மூடாததற்கு நூறு பிழை சொல்லித் திட்டியது. என் மனைவிகூட ஒரு தப்புக்கு அவ்வளவு சொன்னதில்லை.

ஒரு திங்கட்கிழமை என் ஆய்வு நெறியாளரான அம்மையார் போன் செய்தார். "சார், வெள்ளிக்கிழமையோட உங்க பதிவு முடியுது. முழுசா வரலைன்னா ஏழு வருஷமும் போச்சு."

ஆறுதலுக்கு என் பொருளடக்கத்தை யாரிடமாவது காட்ட வேண்டும்போல் இருந்தது. மனைவியின் அண்ணன் உப்பளத்தில் இருந்தார். உப்புநீர் விடுவதற்கு முன் பாத்தியின் தரையை மிதித்துக் கெட்டியாக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. மடிக்கணினியை நீட்டினேன்.

"அஞ்சாவது அத்தியாயம் நூத்தி நாப்பத்தி மூணாம் பக்கமா? அத்தக் காட்டு மாப்ள."

காட்டினேன். தலைப்பு கம்பீரமாக நின்றது. கீழே வெறும் வெள்ளை.

"மத்தது எங்கப்பா?"

"இனிமேதான் மச்சான்."

மச்சான் ஆட்கள் பக்கம் திரும்பிக் கத்தினார்: "இங்க ஒருத்தரு வருஷம் பூரா பாத்திய மிதிச்சிக்கினே இருக்குறாரு. தண்ணி விட மனசு வரலியாம்!"

மிதித்துக்கொண்டிருந்த ஒரு அக்கா நிமிர்ந்தார். "இவ்ளோ நல்லா மிதிப்பீங்கன்னா எங்களுதையும் வந்து மிதிச்சிட்டுப் போங்களேன்!"

அங்கேயே கொட்டகையில் உட்கார்ந்துவிட்டேன். நான்கு நாளில் பதினொரு பக்கம். வெள்ளி மதியம் கோத்துப் பார்த்தால், மேற்கோள் எண் வர வேண்டிய எட்டு இடங்களில் கேள்விக்குறிகள். சரிசெய்யக் கை போனது.

"மாப்ள, கைய எடு. அனுப்பு."

அனுப்பினேன்.

வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் கண்ணாடியை இறக்கிக் கேட்டார்: "முடிவுரையில எட்டு கேள்விக்குறி. உங்க முடிவு மேல உங்களுக்கே சந்தேகமா?"

"ஆய்வாளனுக்கு அந்தப் பணிவு வேணுமில்லீங்களா?" என்றேன்.

பட்டம் கொடுத்துவிட்டார்கள்.