சவரிராயன் மலையேறிய நாள்

கள்ளக்குறிச்சியிலிருந்து மலைக்குப் போகும் சாலையோர ஊரில் சவரிராயனுக்கு இரண்டு ஏக்கர் மரவள்ளி. ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிற ஆள். எண்பத்தேழு செப்டம்பரில் இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்தபோது, ஊர்க்காரர்களோடு அவனும் ஒரு புளியமரத்தை வெட்டிச் சாலையில் சாய்த்தான். பிள்ளைகளுக்குப் படிப்பும் வேலையும் கிடைக்கும் என்று நம்பித்தான் கோடரி எடுத்தான்.

மூன்றாம் நாள் காலை வெள்ளிமலையிலிருந்து வந்த ஜீப் மரத்தருகே நின்றது. உள்ளே பூமாலை என்ற பெண் பிரசவ வலியில் துடித்தாள். அவள் புருஷன் சடையன் இறங்கி வந்து சவரிராயன் காலைப் பிடித்தான்.

“கிளைய மட்டும் கழிச்சி வுடுங்க. ஜீப்பு ஓரமாப் பூந்துடும்.”

“ஒரு வண்டிய வுட்டா எல்லா வண்டியும் வரும். திரும்பிப் போ.”

இரண்டு மணி நேரம் கழித்து ஊர்ப் பெரியவர்கள் வந்து சொன்ன பிறகே கிளையை வெட்டினார்கள். அதற்குள் பூமாலையின் சத்தம் அடங்கியிருந்தது. தாயும் பிழைக்கவில்லை, வயிற்றுப் பிள்ளையும் பிழைக்கவில்லை.

விசாரிக்க வந்த போலீசாரிடம் சவரிராயன், “வந்த ஒடனே வழி வுட்டுட்டோங்க. அந்த ஆளுதான் லேட்டா கொண்டாந்தான்,” என்றான். ஊரும் அதையே சொன்னது.

அடுத்த வருஷம், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில், அவன் மாதா கோயில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தான். மறித்ததைச் சொன்னான், பொய்யை விட்டுவிட்டான். சாமியார் மன்னிப்பு வழங்கினார்.

அந்த வாரமே சந்தையில் மலைக்காரர் ஒருவர் சொன்னார்: போலீசார் சொன்னதை நம்பி, பெண்டாட்டியை மலையிலிருந்து தாமதமாக இறக்கிக் கொன்றவன் என்று, சடையனின் நாலு வயது மகளை மாமியார் தன்னிடமே வைத்துக்கொண்டாளாம்.

மறுநாள் விடிந்ததும் சவரிராயன் சடையனைத் தேடி மலைக்குக் கிளம்பினான். மனைவி ராணியம்மாள் வழிமறித்தாள்.

“சாமியாருதான் மன்னிச்சிட்டாரே. இன்னாத்துக்குப் போற?”

“நான் சொன்னதத்தான் மன்னிச்சாரு. சொல்லாதது அப்பிடியே கீது.”

சடையன் சாமைக் கொல்லையில் இருந்தான். பார்த்ததும் அவனுக்கு இவனை அடையாளம் தெரிந்துவிட்டது. சவரிராயன் மண்ணில் மண்டியிட்டு எல்லாவற்றையும் சொன்னான்.

“என்ன மன்னிச்சிடு.”

சடையன் அவனைக் குனிந்து பார்த்தான்.

“சொல்லிட்ட. உனக்கு பாரம் எறங்கும். எனக்கு இன்னா எறங்கும்? மன்னிப்பெல்லாம் எங்கிட்ட இல்ல. வா, எங்க மாமியாராண்ட வந்து சொல்லு.”

மாமியார் சாலம்மாளின் வாசலில் பத்துப் பேர் கூடினார்கள். அவர்கள் முன்னால், சடையன் தன் காலைப் பிடித்தது, தன் கையில் கோடரி இருந்தது, இரண்டு மணி நேரம் வழிவிடாதது, பிறகு சொன்ன பொய் என எதையும் குறைக்காமல் சொன்னான். சாலம்மாள் விறகுக் கட்டையை எடுத்து அவன் தோளிலும் முதுகிலும் அடித்தாள். அவன் கையைத் தூக்கவில்லை. கை ஓய்ந்ததும் அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். பிறகு பேத்தியைக் கூப்பிட்டுச் சடையன் பக்கம் தள்ளிவிட்டாள். மகளைத் தூக்கிக்கொண்டு சடையன் சவரிராயனைத் திரும்பிப் பார்க்காமல் கடந்து போனான்.

சவரிராயன் மலையிறங்கி, முன்பு சொன்னது பொய் என்று காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தான். சாமியாரிடமும் விட்டதைச் சொன்னான்.

“ஊரையே காட்டிக் குடுத்துட்ட,” என்றார்கள் ஊரில். அதோடு அவன் வீட்டோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அந்த வருஷம் கிழங்கு பிடுங்க ஆள் வரவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் பிடுங்கினார்கள். சடையனிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. சவரிராயனும் மன்னிப்பைக் கேட்டு மறுபடி ஆள் அனுப்பவில்லை.