இறங்கிய குரல்

லூப்பேவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். விமான நிலையத்துச் சலவைக்கூடத்தில் அவளோடு வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும். அந்தக் குரலில் அவள் பேசத் தொடங்கினால் மேற்பார்வையாளரே வேறு பக்கம் நகர்ந்துவிடுவார்.

முப்பது வயதை நெருங்கும்போது அந்த வேலையை உதறிவிட்டு, ஆக்லாந்தில் மேடைத் தொழில்நுட்பம் படிக்கக் கல்லூரியில் சேர்ந்தாள். விளக்குப் போடுவதற்கும் ஒரு படிப்பா என்று அவர்களைப் போலவே டோங்கா தீவுகளிலிருந்து வந்து குடியேறிய தேவாலயத்துப் பெண்கள் அவள் அம்மாவைத் துளைத்தார்கள். முதல் வருஷம் கேபிள் சுருட்டினாள், ஏணி ஏறினாள். இரண்டாம் வருஷம்தான் தனக்கு எது கைவரும் என்று கண்டுகொண்டாள். நிகழ்ச்சியை நடத்துவது: இருட்டில் உட்கார்ந்து, எந்த நொடியில் எந்த விளக்கு, எந்த ஒலி, எந்தத் திரை என்று ஹெட்செட்டில் மற்றவர்களுக்குச் சொல்லும் வேலை.

ஒரு நடனக் குழுவின் நிகழ்ச்சிதான் இறுதித் தேர்வு. ஒத்திகை எல்லாவற்றையும் அவளே நடத்தினாள். நிகழ்ச்சியன்று மதியம் ஆசிரியர் டெரெக் தனியாகக் கூப்பிட்டார். வேலைக்கு ஆள் எடுக்கும் நாடகக் கம்பெனிக்காரர்கள் வெளியிலிருந்து வருகிறார்கள், அவர்களும் ஹெட்செட்டில் கேட்பார்கள், அதனால் இன்றைக்கு உன் வகுப்புக் கீரன் நடத்தட்டும், நீ திரையைக் கவனி என்றார். ஏன் என்று கேட்டாள்.

"உம்மேல குறை ஒண்ணும் இல்ல, லூப்பே. வர்றவங்களுக்குப் பேச்சு விளங்கணும், அவ்வளவுதான்."

அவள் பேசும் ஆங்கிலத்தில் டோங்கா வாடை இருக்கும், அதைத்தான் சொல்கிறார். உள்ளே கீரன் ஏற்கெனவே அவள் நாற்காலியில் இருந்தான். போன ஞாயிறு அவள் வீட்டில், சேம்பிலையில் பொதிந்து வேகவைத்த மாட்டிறைச்சியைக் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவன். இப்போது தலை நிமிரவில்லை. டெரெக் சொன்னதைவிட அதுதான் அவளை எரித்தது.

வெளியே போய்க் கார்களுக்கிடையே தூறலில் நின்றாள். அப்படியே வீட்டுக்குப் போய்விடலாம். போனால் டெரெக்குக்கு நிம்மதி. அந்த நினைப்பே அவளைத் திருப்பி அனுப்பியது. உள்ளே வந்து ஒரு ஹெட்செட்டை மாட்டினாள். குழு மொத்தமும் கேட்டுக்கொண்டிருந்தது.

"டெரெக், எங்கிட்ட சொன்னத இதுல எல்லாருக்கும் சொல்லுங்க. எம்பேச்சு யாருக்கு விளங்கலன்னு அவங்களே சொல்லட்டும்."

 முதலில் ஒலிப்பலகையிலிருந்து ஹேமி பேசினான்.

"எனக்கு நல்லா விளங்குது. டெரெக் சொல்ற ஜோக்குதான் இன்னைக்கு வரைக்கும் விளங்கல."

விளக்குக்காரப் பெண்ணும் தனக்கு விளங்குகிறது என்றாள். டெரெக் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு, வந்தவர்களை வரவேற்கப் போனார். லூப்பே நாற்காலியருகே போய் நின்றாள்.

"நான் கேட்டு வாங்கல, லூப்பே," என்றான் கீரன்.

"குடுத்தப்ப வேணாம்னும் சொல்லல. எந்திரி."

நிகழ்ச்சியை அவள்தான் நடத்தினாள், அந்த இறங்கிய குரலிலேயே. இரண்டாம் பாதியில் ஓரிடத்தில் கோபம் கவனத்தைத் தின்றுவிட்டது. விளக்கு தாமதமாக வந்தது. ஒரு நடனக்காரி இருட்டில் ஆடத் தொடங்கினாள். அது தன் பிழைதான் என்று லூப்பே அப்போதே ஹெட்செட்டில் சொன்னாள்.

தேர்ச்சி கொடுத்தார்கள், ஆகக் குறைந்த மதிப்பெண்ணோடு. காரணம், அந்தத் தாமதம் அல்ல. குழுவோடு ஒத்துப்போகும் குணம் இல்லையாம். முறையிட்டாள். மாறவில்லை.

இப்போது ஆக்லாந்தின் தென்புறம் மனுகாவில் ஒரு அரங்கத்தில் நிகழ்ச்சிகளை நடத்துகிறாள். சில நாள் கீரன் விளக்கு வேலைக்கு வருவான். அவனுக்குச் சொல்ல வேண்டியதைச் சரியான நொடியில் சொல்வாள், அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. தேவாலயத்துக்குப் போகிறவளுக்கு மன்னிக்கத் தெரியாதா என்று அம்மா கேட்டுப் பார்த்தாள்.

"அவன் இன்னும் மன்னிப்பே கேக்கலம்மா," என்றாள் லூப்பே.