எடை கூடிய கண்ணாடி

அக்கா தங்கை நாலு பேரில் அவள் மூன்றாமவள். மூத்தவள் கழுவிக் கவிழ்த்த தம்ளரை இவள் மறுபடி கழுவுவாள். சின்னவள் வீட்டுக்குப் போனால் நலம் விசாரிக்கும் முன்பே பாத்திரத்தை முகர்ந்து பார்ப்பாள். சம்பந்தியம்மாளிடமும் இதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டவள். பளிச்சக்கா என்றுதான் எல்லோருக்கும் தெரியும். ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவிக் காயவைப்பது பத்தொன்பது வருஷமாக அவள் ராஜ்யம்.

அப்பேர்ப்பட்டவளிடம், ஆய்வுக்கூடத்துத் தராசில் எடை பார்க்கப் புதிதாக வந்த எடைக்காரர், "அக்கா, நீங்க சரியாக் காயவைக்கல" என்று சொல்லிவிட்டார்.

அவர் காட்டியது நகத்தளவு கண்ணாடித் துண்டு. பார்வைக்கு வழவழப்பு, உள்ளே முழுக்கத் துளை. ஒவ்வொரு துளையும் தலைமுடித் தடிமனில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அடுப்பில் காய்ந்து வந்த துண்டு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு எடை காட்டியது. இன்னொரு தடவை இப்படியானால் அவளை மாடிப்படி பெருக்க அனுப்பிவிடுவதாக மேலிடம் சொல்லியிருந்தது.

"காய்ஞ்ச கண்ணாடியில தண்ணி எப்படி சார் வரும்? நானா துப்பினேன்?"

மறுநாள் அவளே அடுப்பிலிருந்து இடுக்கியால் துண்டை எடுத்து, மூடியிட்ட ஜாடியில் ஆறவைத்து, தராசில் வைத்தாள். தராசின் கதவைத் திறந்தே விட்டுவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"யாரும் தொடக்கூடாது. இப்பப் பாருங்க."

யாரும் தொடவில்லை. எண் மெல்ல மெல்ல ஏறியது. துளையில்லாத சாதாரணக் கண்ணாடியை வைத்தபோது அசையாமல் நின்றது.

எடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "காத்துல இருக்கற ஈரம் வெளியில சும்மா திரியும்க்கா. இத்தனை சின்னத் துளைக்குள்ள போனா அங்கேயே தண்ணியாயிடும். எனக்கு இது முன்னாடியே தோணியிருக்கணும்."

"அடுப்புலேருந்து எதுல கொண்டு வர்றீங்க?"

"திறந்த தட்டுலதான்."

"நேரா இங்கயா?"

அவர் கண் வாசல் பக்கம் போனது. வழியில் டீ மேசை இருந்தது.

"அடப்பாவமே! நீங்க தினமும் எவ்வளவு நேரம் அரட்டை அடிச்சீங்கன்னு இந்தக் கண்ணாடி எடை போட்டுச் சொல்லியிருக்கே சார்!"

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றே மேலே போய், தப்பு தன்னுடையது என்று தன் வாயாலேயே சொன்னார். கழுவும் அறை பளிச்சக்காவிடமே நின்றது. அதன் பிறகு தினமும், மூடிய ஜாடியோடு அவர் டீ மேசையைத் தாண்டும் வரைக்கும் அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள்.